அடர்த்தி ஒத்துவரவில்லையா? விலகலைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

எஃகுக் குண்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு (க.செ.மீ.) 7.8 கிராம் வர வேண்டும். உங்கள் நோட்டில் 7.1 வந்திருக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலான மாணவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். எல்லா அளவையும் முதலிலிருந்து எடுப்பார்கள், இல்லையென்றால் பக்கத்து மேசையில் வந்த எண்ணைப் பார்த்துத் தங்கள் எண்ணைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார்கள். இரண்டாவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். முதலாவதும் பெரும்பாலும் வீண் வேலைதான். அதே கருவி, அதே கை, அதே பழக்கம் என்றால் அதே பிழைதான் திரும்ப வரும்.

மறுபடி அளப்பதற்கு முன்னால் விலகலையே உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பக்கம் விலகியிருக்கிறது? எவ்வளவு? பெரிய பொருளுக்கும் சின்னப் பொருளுக்கும் ஒரே அளவு விலகுகிறதா? ஒவ்வொரு முறையும் மாறுகிறதா, அப்படியே நிற்கிறதா? இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் காரணம் பாதி பிடிபட்ட மாதிரிதான்.

பிளஸ் ஒன்னிலும் கல்லூரி முதலாண்டிலும் செய்யும் சோதனைகளை மனதில் வைத்து, வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்க ஆய்வகங்களுக்குப் பொருந்துகிற மாதிரி எழுதுகிறேன். உப்புக் காற்றும், கண்டெய்னர் லாரியும், போர் தண்ணீரும் இங்கே அளவில் கை வைக்கும். அதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

ஒரு சாட்சிப் பொருள்

எந்த அறிகுறியை ஆராய்வதற்கும் முன்னால், அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். அதற்கு பேரிங் குண்டைவிட நல்லது கிடையாது. பாரிமுனைப் பக்கம் பேரிங் விற்கும் கடைகளில் அரை அங்குலக் குண்டு கேளுங்கள். அதன் விட்டம் 12.70 மி.மீ. பேரிங்குக்காகக் கடைந்த குண்டு என்பதால், நம் திருகு அளவி பார்க்கக்கூடியதைவிட நுட்பமாகவே உருண்டையாக இருக்கும். கன அளவு 1.0725 க.செ.மீ., எஃகு என்பதால் எடை 8.37 கிராம் பக்கத்தில் வரும். இதை அளந்து சரியாக வந்தால் கருவியும் கையும் சரி, சிக்கல் பொருளில். இதுவே தவறாக வந்தால் பொருளை விட்டுவிட்டுக் கருவியைப் பாருங்கள். துணியில் லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து டப்பாவில் மூடி வையுங்கள். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் சீக்கிரமே துருப் புள்ளி விழும், அப்புறம் அது சாட்சியாக நிற்காது.

அறிகுறி: விடை பல மடங்கு தவறு

எஃகுக் குண்டின் அடர்த்தி 0.98 என்று வந்தால், கணக்குப்படி அது தண்ணீரில் மிதக்க வேண்டும். ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். குண்டுக்கு இது சரியாக 8 மடங்கு தவறு, கம்பிக்கு 4 மடங்கு. ஆயிரம் மடங்கு தவறினால் மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும் கலந்துவிட்டன. கருவியைத் தொடவே வேண்டாம், தாளில் திருத்தினால் போதும்.

அறிகுறி: சரியாக 1 மி.மீ. அல்லது சரியாக 0.5 மி.மீ. விலகல்

விலகல் இப்படி முழு எண்ணாக இருந்தால் அது தற்செயல் இல்லை. வெர்னியர் அளவியில் தாடைகளை மூடும்போது வெர்னியரின் சுழி (பூஜ்யம்) முதன்மைக்கோலின் சுழிக்கு இடப்பக்கம் நின்று, எட்டாவது கோடு ஒன்றுபடுகிறது என்று வையுங்கள். பிழை +0.08 செ.மீ. இல்லை. பத்திலிருந்து எட்டைக் கழித்து, -0.02 செ.மீ.; திருத்தம் +0.02 செ.மீ. தவறாக எழுதியவருக்கும் சரியாக எழுதியவருக்கும் இடையே வரும் வித்தியாசம் சரியாக 0.1 செ.மீ., அதாவது 1 மி.மீ. திருகு அளவியில் மூடிய நிலையில் 97 ஒன்றுபட்டால் அதே கதைதான். பிழை -3 பிரிவு, +97 அல்ல. தலைக்கோலின் (திருகோடு சேர்ந்து சுற்றும் அளவுகோலின்) சுழி குறிக்கோட்டுக்குக் கீழே நின்றால் நேர்ப்பிழை, மேலே போயிருந்தால் எதிர்ப்பிழை. திருத்தம் எப்போதும் அதற்கு எதிர்க்குறி.

அரை மில்லிமீட்டர் விலகல் வேறு வகை. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பழைய திருகு அளவி ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும், தலைக்கோலில் 100 பிரிவு. லேத் பட்டறையில் பார்க்கும் மைக்ரோமீட்டர் ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ., 50 பிரிவு. இரண்டுக்கும் மீச்சிற்றளவு, அதாவது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ.தான். ஆனால் இரண்டாவதில் குறிக்கோட்டின் கீழ்ப்பக்கம் இருக்கும் அரை மில்லிமீட்டர்க் கோட்டைப் பார்க்கத் தவறினால் 0.50 அப்படியே காணாமல் போகும். ஒரே ஆய்வகத்தில் இரண்டு வகையும் கலந்து கிடந்தால், கையில் எடுத்ததும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: தடித்த பொருளுக்குச் சரி, மெல்லிய பொருளுக்குப் படுமோசம்

திருத்தாமல் விட்ட சுழிப்பிழை, அதாவது மூடிய நிலையிலேயே அளவி காட்டும் பிழை, இப்படித்தான் முகம் காட்டும். 0.03 மி.மீ. கூடுதலாகக் காட்டும் அளவியால் பேரிங் குண்டை அளந்தால் அடர்த்தி ஒரு சதவீதம்கூடக் குறையாது, யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே அளவியால் 0.45 மி.மீ. செம்புக் கம்பியை அளந்தால் விட்டம் 0.48 என்று வரும், அடர்த்தி சுமார் 12 சதவீதம் விழுந்துவிடும். 8.96 வர வேண்டிய செம்பு 7.9 ஆகி, இரும்பு மாதிரித் தெரியும். கம்பியின் நீளத்தை அளக்கத்தான் பையன்கள் அதிக நேரம் செலவழிக்கிறார்கள். ஒரு மீட்டர் கம்பியில் ஒரு மி.மீ. தவறினால் 0.1 சதவீதம்தான் போகும். நேரத்தை விட்டத்தில் செலவழியுங்கள். கம்பியில் விட்டத்தின் பிழை இரட்டிக்கும், குண்டில் மும்மடங்காகும்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் வேறு எண்

சிதறல் ஒன்றிரண்டு பிரிவுக்குள் இருந்தால் அது இயல்பு, சராசரி எடுங்கள். ஐந்தாறு பிரிவு சிதறினால் முதலில் ராட்செட்டை, அதாவது திருகின் கடைசியில் இருக்கும் சிறு குமிழைக் கவனியுங்கள். அதைப் பிடித்துத் திருகி, "கிளிக்" சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும். தலைக்கோலையே பிடித்து இறுக்கினால் ஒவ்வொருவர் கைப்பலத்துக்கும் ஒரு விடை வரும், மென்மையான ஈயக் கம்பி நசுங்கியே போகும். அடுத்து, முகப்புகளில் தூசியும் துருவும். சுத்தமான வெள்ளைத் தாளை இடையில் வைத்து லேசாக மூடி உருவி எடுங்கள். தாளில் பழுப்புக் கறை வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் சரியாக இருந்தும் சிதறினால் பொருள்தான் ஒரே சீராக இல்லை. கம்பியின் ஒரே இடத்தில் ஒரு முறையும், 90 டிகிரி திருப்பி இன்னொரு முறையும் அளந்து பாருங்கள். ஒரு திசையில் எப்போதும் அதிகம், மறு திசையில் எப்போதும் குறைவு என்றால் கம்பி நீள்வட்டமாக இருக்கிறது. அதைப் பிழை என்று நினைக்காதீர்கள், கம்பி தன்னைப் பற்றிச் சொல்லும் உண்மை அது.

அறிகுறி: எல்லா அளவும் ஒத்துப்போகிறது, எல்லோருக்கும் ஒரே விடை, ஆனால் 10 சதவீதம் குறைவு

இதை நிதானமாகப் பார்ப்போம். மாணவர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பிழை எனக்குத் தெரிந்து இல்லை.

2011-ல் அறிமுகமான வகை ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகு, எடை 3.79 கிராம், விட்டம் கிட்டத்தட்ட 22 மி.மீ. திருகு அளவியில் தடிமன் 1.45 மி.மீ. பக்கம் வரும். உருளையின் வாய்பாட்டில் போட்டால் கன அளவு 0.55 க.செ.மீ., அடர்த்தி 6.9. அந்த வகை எஃகுக்கு வர வேண்டியது சுமார் 7.7. "சார், சுழிப்பிழை பார்த்தாச்சு, அஞ்சு தடவை அளந்தாச்சு, எல்லாருக்கும் 6.9தான்" என்று மொத்த வகுப்பும் வந்து நிற்கும். அவர்கள் சொல்வது உண்மை, அளவில் குற்றமே இல்லை.

நாணயத்தை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். விளிம்பு உயர்ந்தும், நடுப்பகுதி தாழ்ந்தும் இருக்கும். திருகு அளவியின் முகப்பு உயர்ந்த விளிம்பைத்தான் தொடுகிறது. அந்த உயரத்தை முழு நாணயத்துக்கும் கொடுத்தபோது, விளிம்புக்கு உள்ளே இருக்கும் காற்றையும் எஃகு என்று எண்ணிவிட்டோம். கன அளவு கூடியது, அடர்த்தி குறைந்தது. ஐம்பது முறை அளந்து சராசரி எடுத்தாலும் இது மாறாது. அளவி நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை சரியாகவே சொன்னது. நாணயம் ஓர் உருளை என்று நாம் வைத்துக்கொண்டதுதான் தவறு. துளை போட்ட எடைக்கல், ஓரம் மழுங்கிய உருளை, மரை போட்ட போல்ட் எல்லாவற்றிலும் இதே பிழை ஒளிந்திருக்கும். எல்லாமே ஒரே பக்கம்தான் தள்ளும்: அடர்த்தி குறைவாக வரும்.

அப்போது வடிவத்தைக் கேட்காமல் கன அளவைச் சொல்லும் முறை வேண்டும். அளவுச் சாடியில் போடலாம் என்று தோன்றும். 100 மி.லி. சாடியில் ஒரு கோட்டுக்கு 1 மி.லி.; ஒரு நாணயம் இடம்பெயர்க்கும் தண்ணீரோ அரை மி.லி. கண்ணுக்கே தெரியாது. இருபது நாணயம் போட்டாலும் 10 மி.லி.க்குள்தான், அதில் அரை மி.லி. தடுமாற்றம் என்றால் 5 சதவீதம் போய்விட்டது.

0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இருந்தால் சாடியை மறந்துவிடலாம். ஒரு பீக்கரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்திச் சுழியாக்குங்கள். ஐந்து நாணயங்களை மெல்லிய நைலான் நரம்பால் கட்டுங்கள். காசிமேட்டில் தூண்டிலுக்கு விற்கும் நரம்பு போதும். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும், வேண்டாம். நரம்பின் மறுமுனை தராசுக்கு வெளியே நிற்கும் ஸ்டாண்டில் தொங்க வேண்டும். நாணயங்களை முழுவதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் இறக்குங்கள். தராசு காட்டும் எண் கூடும். தண்ணீர் நாணயங்களை எவ்வளவு விசையோடு மேலே தள்ளுகிறதோ, அதே விசையோடு நாணயங்கள் தண்ணீரைக் கீழே தள்ளுகின்றன. அதனால் கூடிய எண், இடம்பெயர்ந்த தண்ணீரின் நிறை. ஐந்து நாணயம் 18.95 கிராம். தராசு 2.45 கூட்டிக் காட்டுகிறது என்று வையுங்கள். 30 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.9957; கன அளவு 2.46 க.செ.மீ., அடர்த்தி 7.70.

இந்த முறைக்கு இன்னொரு பலம் உண்டு. இரண்டு எடையும் ஒரே தராசில் எடுக்கப்பட்டவை. தராசு எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஒரே விகிதத்தில் காட்டினால்கூட, வகுக்கும்போது அது அடிபட்டுப் போகும்.

அறிகுறி: தொங்கவிடும் முறையிலும் ஒத்துவரவில்லை

விடை 1ஐ நெருங்கிப் போனால் நாணயம் அடியைத் தொட்டிருக்கிறது. தராசு நாணயத்தின் எடையையே தாங்கிக்கொண்டிருக்கிறது. விடை ஓரிரு சதவீதம் குறைந்தால் குமிழி. 3 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு குமிழி, மேலே சொன்ன கன அளவில் 0.6 சதவீதத்தைக் கூட்டிவிடும். நாணயங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் குமிழி வெளியே தெரியாது. அவற்றை ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள், முன்னாலேயே நனைத்துவிடுங்கள், தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இன்னும் நல்லது, கரைந்த காற்று குறைவாக இருக்கும்.

எப்போதும் 0.4 சதவீதம் அதிகம் என்றால் தண்ணீரின் அடர்த்தியை 1 என்று போட்டிருக்கிறீர்கள். அது 4 டிகிரிக்கான எண். நம் ஆய்வகத்தில் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதே மார்கழியில்தான். வெப்பமானியை பீக்கரில் போட்டுப் பார்த்து, அந்த வெப்பநிலைக்கான எண்ணை எடுங்கள்: 25 டிகிரிக்கு 0.9970, 35 டிகிரிக்கு 0.9940.

அப்புறம் எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடல்நீரின் அடர்த்தி 1.025. கடலோரம் பல இடங்களில் போர் தண்ணீர் கரிக்கிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்திருப்பது பல ஆண்டுகளாக ஆராயப்படும் விஷயம். லிட்டருக்கு 2 கிராம் உப்பு கரைந்திருந்தாலே அடர்த்தி ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் ஏறும். வாய்க்கு உப்புத் தெரிகிற தண்ணீரை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். வாலை வடிநீர் இல்லையென்றால் கேன் தண்ணீர் போதும்.

அறிகுறி: தராசின் எண் நிற்கவில்லை

எண் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மேலும் கீழும் துடித்தால் காற்றோ அதிர்வோ. மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். துறைமுகச் சாலைப் பக்கம் இருக்கும் கட்டடங்களில் லாரி போகும்போதெல்லாம் கடைசி இலக்கம் ஆடும். தராசைச் சுவரோரக் கல்மேசைக்கு மாற்றினால் நன்றாகக் குறையும். மெதுவாக ஏறிக்கொண்டே போனால் பொருள் ஈரத்தை இழுக்கிறது. ஐப்பசி மழையில் திறந்து வைத்த உப்புக்கு இது நிச்சயம் நடக்கும். மெதுவாக இறங்கினால் ஏதோ ஆவியாகிறது, பெரும்பாலும் சரியாகத் துடைக்காத தண்ணீர். சூடான பொருளை வைத்தால் அதைச் சுற்றி மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும், ஆறும்வரை காத்திருங்கள். காந்தத்தையோ காந்தமேறிய இரும்பையோ மின்னணுத் தராசில் நேராக வைக்கவே கூடாது.

எண் அசையாமல் நிற்கிறது, ஆனால் 200 கிராம் எடைக்கல்லுக்கு 199.8 காட்டுகிறது என்றால், அந்தத் தராசு எங்கே அளவு திருத்தப்பட்டது என்று கேளுங்கள். டிஜிட்டல் தராசு அளப்பது விசையை. புவியீர்ப்பு முடுக்கம் டெல்லியில் 9.791, சென்னையில் சுமார் 9.783. அங்கே திருத்திய தராசு இங்கே 200 கிராமுக்கு கிட்டத்தட்ட 0.16 கிராம் குறைத்துக் காட்டும். தராசு பழுது என்று ஒதுக்க வேண்டாம். எடைக்கல்லை வைத்து இங்கேயே அளவு திருத்துங்கள். இரண்டு தட்டு உள்ள இயற்பியல் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் தொல்லை கைகளின் நீளம் சமமாக இல்லாதது. பொருளையும் எடைக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து மறுபடி எடுத்து, இரண்டின் சராசரியை எழுதினால் அது தீர்ந்துவிடும்.

அறிகுறி: ஒப்படர்த்திக் குப்பியில் எண்ணெய்க்கு மட்டும் குறைவு

இது திரவத்தை நிரப்பி எடை போட்டு அடர்த்தி காணும் குப்பி. அதைக் கையில் பிடித்த இடம்தான் காரணம். கைச்சூட்டில் திரவம் விரிந்து மூடியின் நுண்துளை வழியே வெளியேறும். 50 மி.லி. மண்ணெண்ணெய் 2 டிகிரி சூடானாலே கிட்டத்தட்ட 0.1 மி.லி. வெளியே போய்விடும். தண்ணீருக்கு இது மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் தண்ணீரில் சரியாக வந்து எண்ணெயில் தவறும். கழுத்தைப் பிடியுங்கள், துடைத்ததும் எடை போடுங்கள். குப்பியில் 50 என்று எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கொள்ளளவை எப்போதும் தண்ணீரின் நிறையிலிருந்தே எடுங்கள்.

அறிகுறி: விடை 7.8041958

கருவி சொல்லாததைக் கால்குலேட்டர் சொல்கிறது. அரை அங்குலக் குண்டை 0.01 மி.மீ. திருகு அளவியால் அளந்தால் விட்டத்தில் 0.08 சதவீதம், கன அளவில் 0.24, நிறையில் 0.12, மொத்தம் 0.36 சதவீதம். ஆக 7.80 ± 0.03. அதே குண்டை 0.1 மி.மீ. வெர்னியரால் அளந்தால் கன அளவிலேயே 2.4 சதவீதம் போகும். அப்போது 7.8 ± 0.2 என்பதுதான் நேர்மையான விடை.

அறிகுறி: எல்லாம் சரி, இரண்டு முறையும் ஒத்துப்போகிறது, புத்தகம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை

இங்கே எண்ணை மாற்றக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து மாற்றாதீர்கள். இயற்பியலாளர் ரேலி 1890-களின் தொடக்கத்தில் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தபோது, காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம், வேதிச் சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.251 கிராம் என்று வந்தது. அரை சதவீத வித்தியாசம். சராசரி எடுத்துவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. வித்தியாசம் அவருடைய அளவுப் பிழையைவிடப் பெரியது என்று அவருக்குத் தெரியும். வேதியியலாளர் ராம்சேயோடு சேர்ந்து தேடியபோது, காற்றில் யாருக்கும் தெரியாமல் இருந்த ஆர்கான் 1894-ல் அகப்பட்டது. 1904-ல் ரேலிக்கு இயற்பியலுக்கும் ராம்சேக்கு வேதியியலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஆய்வகத்திலும் சின்ன அளவில் இது நடக்கும். பித்தளை என்று பெயர் எழுதிய உருளை. பித்தளைக்கு 8.4க்கு மேல் வர வேண்டும். வெர்னியரில் 7.1, தண்ணீரில் தொங்கவிட்டாலும் 7.1, சாட்சிக் குண்டோ 7.8 என்று சரியாகவே வருகிறது. அப்படியானால் சந்தேகத்தைப் பொருளின் மேல் வையுங்கள். துத்தநாகத்தின் அடர்த்தி 7.1. ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு, அடிப்பக்க ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் மேலே இருப்பது முலாம். ரெக்கார்டில் 7.1 என்றே எழுதி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் இரண்டு வரி சேர்த்து, உருளையின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டுங்கள்.